ஒரகடத்து ஜப்பானியர்களும் நம்ம ஊர்ப் பிள்ளைகளும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் என்னை போனில் கூப்பிட்டு, "தம்பி, நீ ஜப்பான்காரங்களோட பத்து வருஷமா வேலை பாக்குற. அதப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசு. ஆனா கைசன், ஃபைவ் எஸ்னு எல்லாரும் பேசுறதையே நீயும் பேசாத" என்றார். நியாயமான நிபந்தனைதான். அதனால் ஜப்பானியத் தொழில்நுட்பத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. சொந்த ஊரை விட்டு வேறு நாட்டுக்கு வந்து பிழைக்கிற ஜப்பானியர்களைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன்.

ஊரை விட்டுப் போய்ப் பிழைப்பது கம்பம் பள்ளத்தாக்குக்குப் புதுச் சங்கதி இல்லை. விடிவதற்கு முன்னே ஜீப்புக்குக் காத்திருந்து, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும்போது திரும்புகிற ஜனங்களைப் பார்த்துத்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். ஆகவே இந்த விஷயம் நமக்குச் சுலபமாகவே புரியும்.

சென்னையைச் சுற்றி ஒரு சின்ன ஜப்பான்

தமிழ்நாட்டில் வெளிநாட்டுத் தொழிற்சாலை என்றாலே முதலில் நினைவுக்கு வருவது கொரியாக்காரர்களின் ஹூண்டாய். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் அவர்கள் கார் செய்யத் தொடங்கினார்கள். அதே 1998இல்தான் திருவள்ளூர் பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து லான்சர் காரைக் கொண்டுவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டுத் தொழிற்சாலை திறந்தது. அதே ஒரகடத்தில் மண் அள்ளும் இயந்திரங்கள் செய்கிற கோமட்சு இருக்கிறது. பக்கத்தில் வல்லம் வடகாலில் 2015இல் யமஹா வந்தது. வடக்கே எண்ணூர் பக்கம் மின் நிலையங்களுக்கான டர்பைன் செய்ய தோஷிபா வந்தது. பொன்னேரி அருகே சுமிட்டோமோ நிறுவனம் மஹிந்திராவோடு கூட்டாகத் தொழிற்பேட்டை அமைத்திருக்கிறது. ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டியில் இசுசு, கோபெல்கோ. ஒரு பெரிய கம்பெனி வந்தால் அதற்கு உதிரி பாகம் செய்கிற பத்துச் சின்னக் கம்பெனிகள் கூடவே வரும். நான் வேலை பார்ப்பதும் அப்படி ஒரு உதிரி பாகக் கம்பெனியில்தான்.

இவற்றில் வேலை பார்க்கிற ஜப்பானியர்களில் பெரும்பாலோர் தொழிற்சாலைப் பக்கம் குடியிருப்பதில்லை. சென்னையில் ஆழ்வார்பேட்டை, ராஜா அண்ணாமலைபுரம், பழைய மகாபலிபுரம் சாலை என்று அடுக்குமாடி வீடுகளில் இருப்பார்கள். காலை ஆறரைக்குக் கம்பெனி கார் வரும். ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். சாயங்காலம் அதே தூரம் திரும்ப வேண்டும். அந்த டிரைவர்கள்தான் அவர்களுக்கு முதல் தமிழ் வாத்தியார். "இடது பக்கம்", "கொஞ்சம் நில்லுங்க", "போதும்", "காரம் வேண்டாம்" இந்த நாலும் தெரிந்தால் ஒரு வருஷம் ஓட்டிவிடலாம் என்று ஒரு ஜப்பானிய மேனேஜர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இவர்கள் நிரந்தரமாகத் தங்க வந்தவர்கள் இல்லை. மூன்று வருஷம், மிஞ்சினால் ஐந்து வருஷம். பிறகு அடுத்த ஆள் வருவார். மனைவி, பிள்ளைகளை ஊரிலேயே விட்டுவிட்டுத் தனியாளாக வருகிறவர்கள் நிறைய. அதற்கு அவர்கள் மொழியில் 'தன்ஷின் ஃபுனின்' என்று ஒரு தனிச் சொல்லே இருக்கிறது. காரணம் பெரும்பாலும் பிள்ளைகள் படிப்புதான். ஜப்பானியப் பாடத்திட்டத்தில் முழு நேரப் பள்ளிக்கூடம் இந்தியாவில் டெல்லியிலும் மும்பையிலும்தான் உண்டு. சென்னைக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் பிள்ளையை சர்வதேசப் பள்ளியில் சேர்த்துவிட்டு, ஜப்பானிய மொழிப் பாடத்துக்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு துபாய்க்குக் குடும்பத்தைக் கூட்டிப் போகலாமா வேண்டாமா என்று நம்ம ஆட்கள் யோசிக்கிறார்களே, அதே யோசனைதான் அவர்களுக்கும்.

சாப்பாட்டுக் கஷ்டமும் உண்டு. அவர்கள் சாப்பிடும் அரிசி குட்டையாக, கொஞ்சம் ஒட்டுகிற மாதிரி இருக்கும். நம்ம பொன்னி அரிசி அவர்கள் குச்சியில் நிற்காது. சில கம்பெனிகள் தங்கள் ஜப்பானிய ஊழியர்களைச் சாமான் வாங்கி வருவதற்கென்றே சிங்கப்பூருக்கோ பாங்காக்குக்கோ அனுப்பிவைக்கும். போய் வருகிறவர் சோயா சாஸ், மீசோ, உலர்ந்த மீன் எல்லாம் பெட்டி நிறைய அடைத்துக்கொண்டு வருவார். துபாயிலிருந்து வருகிற அண்ணன் பெட்டி நினைவுக்கு வருகிறதா? பெட்டி போகிற திசைதான் வேறு.

சிங்கப்பூரோடும் பாங்காக்கோடும் ஒப்பிட்டால் சென்னை ஜப்பானியர்கள் மிகச் சிறிய கூட்டம். அந்தக் கூட்டமும் எங்கோ தூரத்தில் யாரோ எடுக்கிற முடிவைப் பொறுத்துத்தான் இருக்கிறது. 2025இல் ஒரகடம் தொழிற்சாலையில் நிசானுக்கு இருந்த பங்கை ரெனோவே வாங்கிக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் யார் வீட்டைக் காலி செய்வார், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் மாறும், எந்த டிரைவருக்கு வேலை போகும் என்ற பேச்சுத்தான் அன்று டீக்கடையில் ஓடும்.

சிங்கப்பூரில் அவர்கள் எப்படி இருந்தார்கள்?

ஜப்பான்காரர் என்றால் நமக்கு டை கட்டிய மேனேஜர்தான் கண்ணில் தெரிகிறார். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் அப்படி இல்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் சங்க அண்ணன்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவான் ஹோ அவென்யூ என்ற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். 1891இல் தொடங்கிய ஜப்பானியர் கல்லறைத் தோட்டம் அங்கே இருக்கிறது. ஏறக்குறைய 900 கல்லறைகள். அவற்றில் பல, 'கராயுகி-சான்' என்று சொல்லப்பட்ட ஏழைப் பெண்களுடையவை. கியூஷூ தீவில் ஷிமபாரா, அமகுசா போன்ற பஞ்சம் பிடித்த பகுதிகளிலிருந்து தரகர்கள் ஆசை காட்டியும் ஏமாற்றியும் கப்பலேற்றிக் கொண்டுவந்த சிறுமிகள். சிங்கப்பூரில் மலாய்த் தெரு, ஹைலாம் தெரு விடுதிகளில் அவர்கள் வாழ்க்கை முடிந்தது. அவர்கள் ஊருக்கு அனுப்பிய பணத்தில் வீடுகள் எழும்பின. பிறகு ஜப்பான் வளர்ந்து, இந்தப் பெண்கள் தேசத்துக்கு அவமானம் என்று நினைக்கத் தொடங்கியது. 1920இல் ஜப்பானியத் தூதரே அந்த விடுதிகளை மூடவைத்தார்.

அதே காலத்தில் மிடில் ரோடு பக்கம் ஜப்பானியக் கடைகள், போட்டோ ஸ்டூடியோக்கள், பல் வைத்தியர்கள் என்று ஒரு தெருவே உருவானது. 1912இல் பள்ளிக்கூடம், 1915இல் ஜப்பானியர் சங்கம். நம்ம ஆட்கள் எங்கே போனாலும் முதலில் ஒரு கோவில், அடுத்து ஒரு சங்கம் வைப்பார்கள். அவர்கள் ஒரு பள்ளிக்கூடமும் ஒரு சங்கமும் வைத்தார்கள்.

அடுத்து அவர்கள் வந்தது சிப்பாய்களாக. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. ஊர்ப் பெயரையே 'ஷோனான்' என்று மாற்றினார்கள். மலேயா ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழர்களைப் பல்லாயிரக் கணக்கில் பிடித்துக்கொண்டு போய், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடவைத்தார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் எழுதிய கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அதுகூட இல்லை. இங்கேயும் 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்ததும் மதராஸ் பட்டணத்து ஜனங்கள் உள்ளூர்களுக்கு ஓடிவந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? நம்முடைய ஜப்பானிய நண்பர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இல்லை. ஒரு முறை மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபத்தேழு வயது ஜப்பானிய இன்ஜினீயரிடம் இந்த ரயில் பாதை விஷயத்தைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். கைதிகள் விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. தமிழ்க் கூலிகள் விஷயம் தெரியாது. ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு முடித்தார். பத்து நாள் கழித்து என் மேஜைக்கு வந்து, "நீங்கள் சொன்னதைப் படித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் இது சொல்லவில்லை" என்றார். அதன்பிறகு எங்கள் நட்பு கெடவில்லை, கூடியது. தெரிந்து வைத்துக்கொண்டு பழகுவது நல்லது என்பதுதான் என் அபிப்பிராயம்.

போர் முடிந்ததும் ஜப்பானியர் எல்லோரையும் சிங்கப்பூரிலிருந்து வெளியேற்றினார்கள். 1957இல் அவர்கள் சங்கம் மறுபடி திறந்தது. 1966இல் பள்ளிக்கூடம் திரும்ப வந்தது. இந்தத் தடவை வந்தவர்கள் பாங்கிக்காரர்கள், இன்ஜினீயர்கள், கப்பல் கம்பெனிக்காரர்கள். இன்று அங்கே இருக்கும் ஜப்பானியர் முப்பதாயிரத்தைச் சுற்றி. ஒரே ஊரில், ஒரு நூற்றாண்டுக்குள், விற்கப்பட்ட சிறுமியாகவும் கடைக்காரராகவும் சிப்பாயாகவும் மேனேஜராகவும் அந்த ஒரே ஜனம் வந்திருக்கிறது. ஆளின் ரத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஊரில் பஞ்சம் இருந்ததா, படிப்பு இருந்ததா, பின்னால் பலமான நாடு இருந்ததா என்பதில்தான் மாற்றம்.

ஒரே ஷெட்டில் மூன்று வெளியூர்க்காரர்கள்

இனி நம்ம விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஷெட்டில் ஒரே ஷிப்டில் மூன்று விதமான வெளியூர்க்காரர்கள் இருக்கிறோம். ஜப்பானிலிருந்து வந்த இன்ஜினீயர் ஒருவர். ஒடிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். தேனி, மதுரை, திருநெல்வேலியிலிருந்து போன என் போன்ற ஆட்கள். மூன்று பேரும் வயிற்றுப் பாட்டுக்குத்தான் ஊரை விட்டோம். ஜப்பானியரை 'எக்ஸ்பாட்' என்கிறோம், 'சார்' என்கிறோம். அவருக்குத் தமிழ் தெரியாது, அது நமக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. "வணக்கம்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் கைதட்டுகிறோம். ஒரு அறைக்கு எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் ஒடிசாப் பையனை "ஏய்" என்கிறோம், 'வடக்கன்' என்கிறோம். அவன் ஆறு மாதத்தில் தட்டுத் தடுமாறித் தமிழ் பேசினாலும் நாம் கைதட்டுவதில்லை. "வந்து இத்தன நாளாச்சு, இன்னும் பேச வரலயா?" என்று கேட்கிறோம்.

நாம் இப்படி இருக்கலாமா? 2011 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். முல்லைப் பெரியாறு விவகாரம் சூடானபோது, இடுக்கித் தோட்டங்களில் இருந்த நம்ம ஜனங்கள் பயந்துபோய், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மலையிறங்கி வந்தார்கள். காட்டு வழியாக நடந்து வந்தவர்கள்கூட உண்டு. பிள்ளைகுட்டிகளோடு வந்தவர்களைக் கம்பத்திலும் கூடலூரிலும் பார்த்தவர்கள் இந்த அரங்கத்தில் இருக்கிறீர்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, எங்கள் ஷெட்டில் நாலு பையன்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். செய்தி பொய் என்று போலீஸ் சொன்னது, நாங்களும் சொன்னோம். ஒரு பையன் சொன்னான்: "அண்ணா, இங்க அடிக்கல, சரி. ஆனா எங்கம்மா போன்ல அழுறாங்க." மலையிறங்கி வந்தவர்களின் அம்மாக்களும் அப்படித்தானே அழுதிருப்பார்கள்?

வெளியூர்க்காரர் ஒருவரை மனதில் வைத்துக் கொண்டாடத் தெரியாத பூமி இல்லை இது. 1895இல் அணையைக் கட்டித் தந்த பென்னிகுயிக் துரையின் படத்தைச் சாமி படத்தோடு மாட்டி, ஜனவரி 15ஆம் தேதி அவருக்குப் பொங்கல் வைக்கிற ஊர் இது. அந்த அணைக்குக் கல் சுமந்து, காய்ச்சலில் மடிந்த கூலிகளும் வெளியூர்க்காரர்கள்தான். துரையை நினைக்கிற நாம் அவர்களையும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

தம்பி, தங்கைகளுக்கு

இப்போது படிக்கிறவர்களுக்குக் கைக்கு உதவுகிற இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது மொழி. ஜப்பானிய மொழி கஷ்டம் என்று பயப்படாதீர்கள். எழுத்து கஷ்டம்தான், மறைக்கவில்லை. ஹிராகானா, கடாகானா என்று இரண்டு எழுத்து வரிசை, அடிப்படை எழுத்து ஒவ்வொன்றிலும் 46. அதற்கு மேல் சீன எழுத்துகள், அன்றாட உபயோகத்துக்கு என்று அரசாங்கம் குறித்திருப்பவை மட்டும் 2,136. ஆனால் வாக்கிய அமைப்பு நம்ம தமிழ் மாதிரியே இருக்கும். 'வாதாஷி வா தேனி நி இகிமாசு' என்றால் 'நான் தேனிக்குப் போகிறேன்'. 'நி' என்பது நம்ம 'கு'. வினைச்சொல் கடைசியில். கேள்வியாக்க வேண்டுமா? நாம் 'போகிறீர்களா' என்று ஒரு 'ஆ' போடுகிறோம். அவர்கள் 'இகிமாசு கா' என்று ஒரு 'கா' போடுகிறார்கள். ஆங்கிலத்துக்கு நாம் தலைகீழாக நின்ற மாதிரி இதற்கு நிற்க வேண்டியதில்லை. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவே உண்டு என்று எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, படிக்கிறவனுக்குச் சௌகரியம் இருக்கிறது. நொபுரு கராஷிமா என்ற பேராசிரியர் 1960களில் சென்னைக்கு வந்து, தமிழ் கற்று, சோழர் கல்வெட்டுகளைப் படித்து, உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்துக்கே தலைவராக இருந்தார். 2013இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவர் நம்ம கல்வெட்டைப் படித்தார் என்றால், நம்மால் ஜப்பானிய மொழித் தேர்வு எழுத முடியாதா? ஜே.எல்.பி.டி. என்ற அந்தத் தேர்வில் ஐந்து படி. கீழ்ப்படி என்-5. சென்னையிலேயே எழுதலாம். மூன்றாவது வருஷத்தில் தொடங்கினால் வேலைக்குப் போகும்போது கையில் ஒரு சான்றிதழ் இருக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஜப்பானியர் 'ஹாய்' என்று தலையாட்டினால் 'சரி' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நேரம் 'நீ சொல்வது காதில் விழுகிறது' என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். நாம் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவது அவர்களுக்கு அதைவிடக் குழப்பம். ஆகவே எதையும் எழுதி, தேதி போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, ஜப்பானுக்கே வேலைக்குப் போவது. அங்கே வயதானவர்கள் பெருகிவிட்டார்கள், வேலைக்கு ஆள் இல்லை. 2021இல் இந்தியாவும் ஜப்பானும் திறன்மிகு தொழிலாளர் பற்றி ஒப்பந்தம் செய்தன. 1993 முதல் நடந்துவந்த 'டெக்னிக்கல் இன்டர்ன்' திட்டத்தில் முதலாளியை மாற்ற முடியாத நிலையும், தரகர்களிடம் பட்ட கடனும் பல வெளிநாட்டுப் பிள்ளைகளை வாட்டியிருக்கின்றன. அதை மாற்றி 2027இல் புதுத் திட்டம் கொண்டுவர 2024இல் ஜப்பானில் சட்டம் போட்டார்கள். ஆகவே யாராவது "மூணு லட்சம் கட்டு, ஜப்பான் அனுப்புறேன்" என்றால் உடனே வீட்டு நகையை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். பதிவு பெற்ற ஏஜெண்டா என்று பாருங்கள். அவர்கள் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு மத்திய அரசு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் என்று வரம்பு வைத்திருக்கிறது. தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். கராயுகி-சான் பெண்களைக் கப்பலேற்றிய தரகன் பேசிய பேச்சைத்தான் இன்றைய தரகனும் பேசுகிறான். கையில் செல்போன் இருப்பது மட்டும்தான் புதுசு.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

சென்னையில் ஏ.பி.கே.–ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ஜப்பானில் தொழிற்பயிற்சி பெற்றுத் திரும்பிய தமிழ்நாட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்துவது. ஜப்பானிய வகுப்பு நடத்துகிறார்கள், அந்த மொழித் தேர்வையும் அவர்கள்தான் நடத்துகிறார்கள். 'தோசோகாய்' என்றால் முன்னாள் மாணவர் சங்கம். எழுத்துக்கு எழுத்து அர்த்தம் பார்த்தால், 'ஒரே ஜன்னலடியில் படித்தவர்கள் கூட்டம்'. பயிற்சி முடிந்து வந்த ஆட்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கூடிச் சாப்பிட்டுவிட்டுக் கலைந்து போகாமல், பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு ஏணியாக அதை வைத்திருக்கிறார்கள்.

நாமும் ஒரே ஜன்னலடியில் படித்தவர்கள். அதனால் நாலு காரியம் கேட்கிறேன். ஒன்று: ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை, சிங்கப்பூர் என்று ஊர் வாரியாக நம்ம ஆட்கள் பெயர்ப் பட்டியல் இந்த வருஷமே தயாராக வேண்டும். இரண்டு: வேலை கிடைத்துப் புதிதாகப் போகும் பிள்ளைக்கு முதல் மாதம் தங்க இடமும், வாடகை முன்பணத்துக்குக் கைமாற்றும் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். முதல் சம்பளம் வரும்வரை அந்த முப்பது நாள் எவ்வளவு நீளம் என்பது போனவர்களுக்குத் தெரியும். மூன்று: வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பார்த்துச் சொல்ல அனுபவமுள்ள நாலு பேர் கொண்ட ஒரு குழு வேண்டும். நான் அதில் இருக்கத் தயார், என் பெயரை இன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

நாலாவது, நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகளுக்கு. நம்ம மாவட்டத்து மில்களிலும் வெளி மாநிலப் பிள்ளைகள் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார்கள். மில் நிர்வாகத்தின் அனுமதியோடு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போய், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், மருந்துக் கடையில் பேசுகிற அளவுக்குத் தமிழ் சொல்லிக் கொடுங்கள். சொல்லிக் கொடுக்கிற உங்களுக்கே, ஒரு மொழி தெரியாமல் ஊரில் நிற்பது எப்படி இருக்கும் என்பது விளங்கும். நாளைக்கு நீங்கள் ஒசாகாவிலோ நகோயாவிலோ போய் நிற்கும்போது அது உதவும்.

இருபது நிமிஷம் என்று சொல்லி அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். செயலாளர் அண்ணன் மணியடிக்காமல் விட்டதற்கு நன்றி. பெயர்ப் பட்டியலுக்கான நோட்டு வாசல் மேஜையில் இருக்கிறது. சாப்பிடப் போவதற்கு முன்னால் ஊரும் செல் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள்.